பருத்திப் பொறி கண்ட ஈலை விட்னி

நாம் உடுக்கும் ஆடையைக் காணுந்தோறும் நூற்றவரையும் நெய்தவரையும் நினைக்கின்றோம். அவர்க்கு முன்னே, பருத்தியினின்று கொட்டையை நீக்கிப் பஞ்சாக்கும் வேலை ஒன்று உண்டு என்பதை நினைப்பார் மிகச் சிலர். அவ்வேலை நடவாதவழி நூலுமில்லை, ஆடையுமில்லை. அதற்கென அமெரிக்க நாட்டில் ஒரு பொறி கண்டு பெரும்புகழ் எய்தியவர் ஈலை விட்னி என்பார். கைவேலையைக் குறைப்பதற்கென்று பிறந்த அப்பொறி பல லட்சம் மக்களின் கைகளை முன்னினும் இறுகப் பிணித்தது எங்ஙனம் என்பதை அவர்தம் சரித்திரத்தின் வாயிலாக நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்தை நோக்கி 'எலி விட்னி' என்று எழுதுவாரும் உளர். அங்ஙனம் எழுதினால் நம் மாணவர் நகைத்துப் பாடத்தையே மறந்துவிடுகின்றனர். அந்நாட்டார் ஒலிக்கும் முறை ஈலை என்பதேயாகலின் அதனையே கொண்டோம்.

விட்னி 1765-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் நாள் மஸ்ஸாசூஸெட்ஸ் நாட்டைச் சார்ந்த வெஸ்ட்பரோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் உழவர். இளமையிலேயே தாயை இழந்த இச்சிறுவர்க்குத் தந்தையாரின் பட்டறையே விளையாடுமிடமாயிற்று. அமெரிக்கர் ஆங்கிலேயரோடு விடுதலைப்போர் புரிந்த காலத்தில், இங்கிலாந்தினின்று ஆணி வருதல் நின்றுபோக, பதினான்கு வயதளவில் அப்பட்டறையிலேயே ஆணி செய்து விற்கத் தொடங்கினார். போர் முடிந்து ஆணிக்கு விலை குறைந்ததும், மகளிர் தொப்பியிற் செருகும் ஊசியும் ஊன்றுகோலும் செய்தார். எப்பொருட்கு எக்காலத்தில் விலை உண்டு என்பதை அறியும் கூர்மை அவர்க்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. பின்னாளில் இக்கூர்மையே அவர்க்குப் பகையாயிற்று என்பதை மேலே காண்போம்.

கல்லூரியிற் பயில வேண்டுமென்று பெரிதும் விழைந்தார். சிற்றன்னையார் அதனை விரும்பிலர். ஆதலின் ஊர்ப்பள்ளிகளில் ஆசிரியராயிருந்து பொருள் சேர்த்து, 1789-ஆம் ஆண்டில் யேல் கல்லூரியிற் புகுந்தார். 1792-இல் தேர்ச்சி பெற்றபோது வயது இருபத்தேழை நெருங்கியிருந்தது. கையிற் பொருளில்லை. தென்னாட்டில் ஒரு செல்வர் இல்லத்துப் பிள்ளைகட்குக் கல்வி கற்பிக்கும் வேலை கிடைப்பதாகத் தெரியக் கப்பலேறினார். சென்றபின்னரோ, பேசிய சம்பளத்திற் பாதியே கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆசிரியர்க்கு இது எந்நாட்டும் எக்காலத்தும் புதிதன்று. யாமும் இளமையில் ஓரிடத்து இதனை நுகர்ந்துள்ளோம். விட்னி அவ்வேலையை மறுத்துவிட்டார்.

அவருடன் கப்பலிற் சென்றவர் காதரீன் கிரீன் என்னும் அம்மையார். விடுதலைப்போரிற் புகழ்பெற்ற படைத்தலைவர் நதானியல் கிரீன் என்பாரின் கைம்பெண். கிரீன் புரிந்த தொண்டிற்காக ஜார்ஜியா நாட்டார் அவர்க்கு ஸவானா நகரின் அருகே மல்பெரி குரோவ் என்னும் பெருந்தோட்டத்தைக் கொடுத்திருந்தனர். 1786-இல் அவர் இறந்தபின், பினியஸ் மில்லர் என்னும் யேல் பட்டதாரி தோட்டத்தை மேற்பார்த்து வந்தார். வேலையற்று நின்ற விட்னிக்கு அம்மையார் தம் இல்லத்தில் இடமளித்தார்.

அக்காலத்துத் தென்னாட்டின் நிலையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஆப்பிரிக்காவினின்று கொணரப்பட்ட மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆடுமாடுகள்போல் விற்கவும் வாங்கவும் பட்டுத் தோட்டங்களில் உழைத்தனர். 1790-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். வடக்கே பென்ஸில்வேனியா நாட்டார் 1780-இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டஞ் செய்தனர். தெற்கே புகையிலை பயிரிட்டு நிலஞ் சோர்ந்து, விலையும் வீழ்ந்திருந்தது. அடிமைமுறை தானே தேய்ந்து மறையும் என்று எண்ணியோர் அந்நாட்டுத் தலைவர்களுள்ளும் இருந்தனர். ஆயினும் கரோலினா நெல்வயல்களில் அது வலிவோடிருந்தது என்பதை மறத்தலாகாது. பொறி வந்திராவிடில் அடிமைமுறை அழிந்தேயிருக்கும் என்று உறுதிபடக் கூறுவாரோடு யாம் முற்றும் உடன்படுவதற்கில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகிய மூவரும் கண்ட நூற்பொறிகள் பஞ்சுக்கு வாய்திறந்து நின்றன. லங்காஷையர் ஆலைகள் எவ்வளவு பஞ்சு வரினும் கொள்ளும். அமெரிக்கத் தென்னாட்டிலோ இருவகைப் பருத்தி விளைந்தன. ஒன்று கடற்கரையையும் அதனையடுத்த தீவுகளையும் சார்ந்து விளையும் நீண்ட இழைப்பருத்தி. அதன் கொட்டை கருநிறத்ததாய் வழுவழுப்பாயிருக்கும். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிய உருளை இராட்டை போன்ற கருவியால் அதனை எளிதில் நீக்கலாம். மற்றொன்று உள்நாட்டு மேட்டுநிலத்தில் எங்கும் விளையவல்ல குறு இழைப்பருத்தி. அதன் பசுநிறக் கொட்டையைப் பஞ்சு விடாது பற்றியிருக்கும். உருளைக்கு அது இசையாது. கையாலேயே பிரித்தல் வேண்டும். ஒருவர் நாள் முழுதும் உழைத்தாற் கிடைப்பது ஓர் இராத்தல் பஞ்சு. எம் வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை பருத்திச் சுளைகளைக் கொடுத்துக் கையாற் கொட்டை நீக்கச் சொன்னோம். ஒரு பாடவேளை முழுதும் முயன்றும் ஒருவர்க்கும் உள்ளங்கை நிறையப் பஞ்சு சேரவில்லை. விரல்நுனி சிவந்ததே மிச்சம்.

மல்பெரி குரோவ் தோட்டத்துக்கு விருந்தாக வந்த நிலக்கிழார் சிலர் இக்குறையைக் கூறி வருந்தினர். பூவேலைச் சட்டம் ஒன்றைச் செம்மையாகச் செய்துகொடுத்த விட்னியின் கைத்திறத்தை அம்மையார் அவர்களிடம் எடுத்துரைத்தார் என்பது வழக்கு. விட்னி பருத்தியைக் கண்ணாற் கண்டதும் அப்போதுதான். 1793-ஆம் ஆண்டு வேனில் வருமுன்னரே பொறி உருவாயிற்று.

அப்பொறியின் அமைப்பு மிக எளிது. மரவுருளை ஒன்று; அதன்மேல் வரிசை வரிசையாகக் கம்பிக் கொக்கிகள். அவ்வுருளையின் எதிரே குறுகிய சந்துகளையுடைய தடுப்பு. கைப்பிடியைச் சுழற்றினால் கொக்கிகள் பஞ்சைப் பற்றிச் சந்தின் வழியே இழுத்துச் செல்லும். கொட்டை சந்தினும் பெரிதாகலின் இப்புறமே உதிர்ந்து வீழும். கொக்கியிற் சிக்கிய பஞ்சை அப்புறத்தே விரைந்து சுழலும் தூரிகையுருளை ஒன்று துடைத்தெடுக்கும். இத்தூரிகையை எண்ணிக் கூறியவர் காதரீன் அம்மையாரே என்று ஒரு சாரார் கூறுவர். 1883-இல் மெட்டில்டா கேஜ் என்னும் மாது பொறியின் கருத்தே அம்மையாருடையது என்று எழுதினார். உறுதியான சான்று இல்லை. தோட்டத்து அடிமைகள் கையாண்ட ஏதேனுமொரு சீப்புக் கருவியினின்று இக்கருத்துத் தோன்றியதென்பாரும் உளர், அதற்கும் சான்றில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. அடிமை ஒருவர் புதுக்கருவி கண்டிருப்பினும் அவர் பெயரால் தனியுரிமைச் சாசனம் பெறுதல் இயலாது. 1858-இல் அந்நாட்டு அரசாங்க வழக்கறிஞர் அங்ஙனமே தீர்ப்புரைத்தார்.

ஆங்கிலத்தார் இப்பொறியை 'ஜின்' என்பர். அது 'எஞ்சின்' என்பதன் குறுக்கம். நம் இலக்கணத்தார் முறைப்படி இது முதற்குறை. நம் ஊர்களில் 'ஜின்னிங் பாக்டரி' என்றும் பருத்தி அரவை ஆலை என்றும் வழங்குவது இதனைக்கொண்டே.

கையாற் சுற்றும் சிறு பொறி ஒன்று நாளொன்றுக்கு 50 இராத்தல் பஞ்சு தந்தது. குதிரையாலும் நீராலும் இயங்கும் பெரும்பொறி இன்னும் மிகுதியாகத் தந்தது. விட்னியும் மில்லரும் 1793 மே மாதத்தில் கூட்டு வாணிகம் தொடங்கினர். சாசனம் 1794 மார்ச் 14-இற் கிடைத்தது. பணத்திற்குக் குறைவில்லை என்று விட்னி எண்ணியிருத்தல் வேண்டும்.

இங்கேதான் அவர் பிழைபட்டார். பொறிகளைச் செய்து விற்றிருப்பின் நியாயமான ஊதியம் கிடைத்திருக்கும். அவரும் மில்லரும் அங்ஙனஞ் செய்யாது, தாமே ஊர்தோறும் பொறி நிறுவிப் பிறர் பருத்தியை அரைத்துக்கொடுத்து, வரும் பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கேட்டனர். உழுதவனுக்கு மூன்று, அரைத்தவனுக்கு இரண்டு! குடியானவர் எவர் பொறுப்பர்? பொறியோ எளிய அமைப்பினது; ஒருமுறை கண்ட கொல்லனும் தச்சனும் சேர்ந்தால் செய்துவிடலாம். நாடெங்கும் திருட்டுப் பொறிகள் முளைத்தன. 1795-இல் நியூஹேவன் நகரில் இருந்த விட்னியின் பட்டறை தீப்பற்றி எரிந்தது. 1796-இல் ஹாட்ஜன் ஹோம்ஸ் என்பார் கம்பிக் கொக்கிக்கு மாறாக இரும்புப் பல்வட்டங்களை வைத்துத் தமக்கெனத் தனிச் சாசனம் பெற்றார். வழக்குமேல் வழக்கு. ஜார்ஜியா நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள் சட்டத்தில் இருந்த ஒரு சொற்குறையால் தோற்றன. 1800-இல் அச்சட்டம் திருந்திய பின்னரே வழி பிறந்தது. தென் கரோலினா நாட்டார் 1801-இல் 50,000 டாலருக்கு உரிமையை வாங்க இசைந்து, ஒரு பகுதி கொடுத்து, இடையில் நிறுத்தி, பின் மீண்டும் இசைந்தனர். மில்லர் 1803-இல் இறந்தார். 1807-இல் ஜார்ஜியா நீதிமன்றத்தில் விட்னி வென்றபோது அவர்தம் சாசனமும் காலாவதியாகும் தறுவாயில் இருந்தது. வந்த பொருளிற் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று.

வெறுப்புற்ற விட்னி முன்னரே வேறு தொழிலில் இறங்கியிருந்தார். 1798-இல் அரசாங்கத்தாரோடு 10,000 துப்பாக்கிகளை இரண்டாண்டில் 134,000 டாலருக்குச் செய்து தருவதாக உடன்படிக்கை செய்தார். முடிந்தது 1809-இல். ஒரு துப்பாக்கியின் உறுப்பை எடுத்து மற்றொன்றிற் பொருத்தும் முறையை 1801-இல் வாஷிங்டன் நகரில் ஜெபர்ஸன் முதலியோர்முன் காட்டிப் பாராட்டுப் பெற்றார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எஞ்சிய துப்பாக்கிகளைச் சோதித்து, அவ்வுறுப்புகள் உண்மையில் அங்ஙனம் பொருந்துவன அல்ல என்று கண்டனர். இக்கருத்தைப் பிரான்சு தேசத்தில் ஹொனொரே பிளாங்க் என்பார் முன்னரே செய்துகாட்டியிருந்தார். புகழ்பெற்றார் சரித்திரத்தில் இத்தகைய இடங்களை மூடிச் செல்லுதல் எமக்கு உடன்பாடன்று.

1817-இல் ஹென்ரியெட்டா எட்வர்ட்ஸ் என்னும் மாதரை மணந்து மக்கட்பேறும் எய்தினார். சில ஆண்டுகளிலேயே நீரடைப்பு நோய் வருத்த, நோயாளியாயிருந்துகொண்டே தம் துன்பந் தணிக்கும் கருவிகளைத் தாமே எண்ணிச் செய்வித்துக்கொண்டார். 1825 ஜனவரி 8-ஆம் நாள் நியூஹேவனில் உயிர் நீத்தார்.

விட்னியின் வாழ்நாள் ஈண்டு முடிந்தது. பொறியின் வாழ்நாள் முடியவில்லை. 1790-இல் அமெரிக்காவில் விளைந்த பஞ்சு ஏறக்குறைய 15 லட்சம் இராத்தல். 1800-இல் 3½ கோடி இராத்தல் அளவாயிற்று. 1860-இல் 200 கோடி இராத்தலைத் தொட்டது. அந்நாடு கடல்கடந்து விற்ற பொருள்களின் மதிப்பிற் பாதிக்கு மேல் பருத்தியே. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கப் பஞ்சு. வடநாட்டாரும் இதில் பங்குகொண்டனர். நியூயார்க் வணிகர் கப்பல் அமர்த்தினர், கடன் கொடுத்தனர், காப்புறுதி செய்தனர். மஸ்ஸாசூஸெட்ஸ் நாட்டு லோவெல் நகரத்து ஆலைகள் அப்பஞ்சையே நூற்று நெய்தன. அடிமைமுறையைத் தம் எல்லைக்குள் ஒழித்தவர்களே அடிமை எடுத்த பஞ்சில் ஆதாயம் கண்டனர்.

இனி அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கொட்டை நீக்கப் பொறி வந்தது. செடியினின்று பருத்தி எடுக்கப் பொறி வரவில்லை. உழவும், களையெடுப்பும், சுளை பறித்தலும் கையாலேயே நடத்தல் வேண்டும். முன்னர்க் கொட்டை நீக்குதல் முட்டாயிருந்தமையால் பயிரிடும் நிலமும் ஓர் அளவோடு நின்றது. அம்முட்டு நீங்கியதும் எவ்வளவு நிலத்திலும் பயிரிடலாம். எத்தனை கை உண்டோ அத்தனை பணம். கூலியாளர் நாடாயிருப்பின் கைகளுக்குக் கூலி உயர்ந்திருக்கும். கைகளையே விலைக்கு வாங்கும் நாடாகலின், உயர்ந்தது கூலியன்று, கையுடையவரின் விலை. 1808-இல் வெளிநாட்டினின்று அடிமைகளைக் கொணர்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. உடனே வர்ஜீனியா, மேரிலாந்து முதலிய பழைய நாடுகளினின்று அலபாமா, மிஸிஸிப்பி, லூயிஸியானா ஆகிய பருத்தி நாடுகளுக்கு அடிமைகளை விற்கும் உள்நாட்டு வாணிகம் ஓங்கிற்று. 1790 முதல் 1860 வரை இங்ஙனம் பெயர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 10 லட்சம் பேர். கணவன் ஒருவனுக்கு, மனைவி மற்றொருவனுக்கு, குழந்தை வேறொருவனுக்கு என விற்கப்பட்ட குடும்பங்கட்கு எண்ணில்லை. அப்பருத்தி நிலங்களும் வெறுநிலங்களல்ல. செரோக்கி, கிரீக்கு, சாக்டா முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலங்கள். 1830-இற் செய்த சட்டத்தைக்கொண்டு அவர்களை மேற்கே துரத்திவிட்டு எடுத்துக்கொண்டவை. அடிமைகள் தொகை 1860-இல் 39½ லட்சம்.

பொறியின் கீழ் வாழ்ந்தார் நிலையை அவருள் ஒருவர் எழுதியதைக்கொண்டே அறியலாம். சாலமன் நார்த்தப் என்பார் நியூயார்க் நாட்டில் உரிமையோடு பிறந்து வாழ்ந்த கறுப்பினத்தவர், பிடில் வாசிப்பவர். 1841-இல் வஞ்சகர் சிலர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று அடிமையாக விற்றுவிட்டனர். பன்னிரண்டு ஆண்டு லூயிஸியானாப் பருத்திக் காட்டில் உழன்று, 1853-இல் விடுதலை பெற்றுத் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். விடியுமுன் காட்டுக்குள் புகுதல் வேண்டும். இருள் மூடும் வரை எடுத்தல் வேண்டும். ஓராளுக்கு நாளொன்றுக்கு 200 இராத்தல் என்பது பொதுவழக்கு. அந்தியில் கூடையைச் சுமந்து அரவைக் கொட்டிலுக்கு வருவர். அங்கே தராசு இருக்கும். குறைந்தவர்க்குக் கசையடி. மிகுந்தவர்க்கோ மறுநாள் முதல் அதுவே அளவு. ஆதலின் எவ்வளவு களைத்திருப்பினும், எவ்வளவு உறக்கம் வரினும், அக்கொட்டிலை அணுகும்போது அச்சமின்றி அணுகினார் ஒருவருமில்லை என்கிறார். விட்னியின் பொறி நின்ற இடம் அக்கொட்டிலே. யேல் கல்லூரியையும் சாசனத்தையும் விரித்து எழுதும் நூல்கள் இத்தராசைக் கூறாது விடுவதை எண்ணி யாம் வருந்துவதுண்டு.

விட்னி ஒருவர்மேல் இப்பழி முழுவதையும் சுமத்துதல் தகாது. அவர் காணாவிடினும் சில ஆண்டுக்குள் வேறொருவர் கண்டிருப்பர். ஹோம்ஸின் பல்வட்டமே அதற்குச் சான்று. லங்காஷையரின் பசியும், மனிதரை உடைமையாக்கிய சட்டமும் அவர் செய்தனவல்ல. ஆயினும் அவர் பொறி செய்த இடமே அடிமைகள் உழைத்த தோட்டம். அவர்தம் கூட்டாளி அத்தோட்டத்தை நடத்தியவர். தம் பொறி யார் கையாற் சுழலும் என்பதை அறியாதிருந்தார் என்று கூற எமக்கு நா எழவில்லை.

தென்னாட்டின் செல்வமும் ஒருவகையில் வீக்கமேயாயிற்று. நிலமும் அடிமையும் வாங்குவதிலேயே பொருள் முழுதும் முடங்கியமையால் ஆலைகளும் பள்ளிகளும் நகரங்களும் வடக்கே பெருகிய அளவு தெற்கே பெருகவில்லை. 1861-இல் போர் மூண்டபோது துப்பாக்கி செய்யும் பட்டறைகளும் இருப்புப்பாதைகளும் பெரிதும் வடநாட்டார் பக்கமே இருந்தன.

அப்போரின் அலை நம் கரிசற்காட்டையும் தொட்டது. அமெரிக்கப் பஞ்சு வாராது லங்காஷையர் ஆலைகள் பட்டினி கிடந்த அந்நான்கு ஆண்டும், திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறித் தூத்துக்குடித் துறையில் பொதிகள் குவிந்தன. போர் முடிந்ததும் விலை விழுந்தது. அதற்கு முன்னரே 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் ஆங்கிலக் கும்பினியார் அமெரிக்கத் தோட்டக்காரரையும் பல்வட்டப் பொறிகளையும் இந்நாட்டுக்கு வருவித்து, கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்னும் மருத்துவரைக்கொண்டு அமெரிக்கப் பருத்தி பயிரிட்டுப் பார்த்ததுமுண்டு. நம் நாட்டுப் பருத்தியின் குறு இழைக்கு அப்பல்வட்டம் நன்கு இசையவில்லை.

1864-ஆம் ஆண்டு இறுதியில் ஷெர்மன் என்னும் வடநாட்டுத் தளபதியின் படை ஜார்ஜியாவை ஊடுருவிச் ஸவானாவை அடைந்தபோது, முதற்பொறி பிறந்த மல்பெரி குரோவ் மாளிகை எரிந்தழிந்தது. 1865 டிசம்பரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. உரிமை பெற்ற மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய நிலக்கிழாரிடமே வாரத்துக்கு நிலம் வாங்கி, கடையிற் கடன் பட்டு, அதே பருத்தியைப் பயிரிட்டு, சுளையைக் கையாலேயே பறித்து, அதே அரவைக் கொட்டிலுக்குச் சுமந்து சென்றனர். பருத்தி எடுக்கும் பொறி அக்காடுகளிற் பெருவழக்காக வந்தது 1940-க்குப் பின்னரேயாம்.